கடுக்காய் நாத்துல ஜிப்ரலிக் போட்டுப் பாத்தது: உயரம் ஒரு பக்கம், துவர்ப்பு ஒரு பக்கம்

மூலிகை மரக்கன்னு வாங்க வாரவங்க மொதல்ல பாக்கது உயரத்ததான். மூணடி கன்னா ரெண்டடி கன்னான்னு கேட்டு அதுக்குத் தக்கன வெல பேசுதாங்க. நிழலுக்கு வைக்க மரம்னா சரி, ஆனா கடுக்காயையும் மருதையும் சந்தனத்தையும் நாம வைக்கது அதுக்குள்ள இருக்க துவர்ப்புக்கும் வாசத்துக்கும்தான, உயரத்த வச்சு அத எப்படிச் சொல்ல? இந்தக் கேள்விக்காகத்தான் கல்லிடைக்குறிச்சில வீட்டுக்குப் பின்னால இருக்க நாத்தங்கால்ல கடுக்காய ஹார்மோன் குடுத்து ஒரு வரிச, குடுக்காம ஒரு வரிசன்னு பக்கத்துல பக்கத்துல வளத்துப் பாத்தேன். எப்படிச் செஞ்சேன், என்ன தெரிஞ்சுதுன்னு வெவரமா எழுதுதேன், செய்ய நெனைக்கவங்க அப்படியே எடுத்துச் செய்யலாம்.

மொதல்ல வெத. தை மாசில கடுக்காய் பழுத்துத் தானா விழும், அப்படி மரத்தடில விழுந்தத எடுக்கணும், நான் தெரிஞ்சவங்க தோட்டத்து மரத்துல இருந்து வாங்கினேன். மலைக்காட்டுல போய்ப் பொறுக்கலாம்னு நெனைக்காதீங்க, பாபநாசத்துக்கு மேல எல்லாம் 1988ல இருந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அனுமதி இல்லாம ஒரு காய் எடுக்கக் கூடாது, எடுக்கவும் வேண்டாம். நாட்டு மருந்துக் கடைல கிடைக்க காயும் வெதைக்கு ஆகாது, அது தோலுக்காகப் பறிச்சுக் காயவச்சது, எந்த வருசத்துக் காய்னு கடைக்கார அண்ணாச்சிக்கே தெரியாது. பழத்த நல்லா காயவச்சு சதைய ஒடச்சு எடுத்துட்டா உள்ள கல்லு மாதிரி கொட்ட இருக்கும்.

இந்தக் கொட்டதான் பெரிய பாடு. சும்மா மண்ணுல போட்டா மாசக்கணக்கா இழுக்கும், ஒண்ணு மொளைக்கும், பக்கத்துல இருக்கது அப்படியே கெடக்கும். இதுக்கு ஜிப்ரலிக் ஆசிட்ல, அதாவது ஜிப்ரலின்ங்கற வளர்ச்சி ஹார்மோன்ல, ஊற வைங்கன்னு நெறைய பேர் சொல்லுதாங்க, ஆனா அதுக்கு முன்னால ஒண்ணப் புரிஞ்சுக்கிடணும். வெத தூங்குறதுக்கு ரெண்டு காரணம் உண்டு. ஒண்ணு உள்ள இருக்க அப்சிசிக் ஆசிட், அது முளைய எந்திரிக்க விடாம வச்சிருக்கும், அத எதுத்து எழுப்புறது ஜிப்ரலின். இன்னொண்ணு வெளிய இருக்க ஓடு, தண்ணியும் உள்ள போவாது, முளைக்கும் முட்டி வெளிய வர முடியாது. ஓட்ட ஒடைக்க ஹார்மோனால ஆவாது. ஓடு கெட்டியா இருக்கப்ப கொட்டய அப்படியே ஜிப்ரலிக்ல போட்டா காசும் மருந்தும்தான் வீண். அதனால கொட்டயோட அகலமான முனைய கட்டர் வச்சு லேசா நறுக்கி எடுக்கணும், உள்ள வெள்ளையா பருப்பு தெரியும், அதுல படக்கூடாது. நறுக்கின பெறவு 36 மணி நேரம் பச்சத்தண்ணில ஊறப்போடுதது நர்சரிக்காரங்க ரொம்ப நாளா செய்யுற மொற. நான் பாதிய அப்படித் தண்ணில போட்டேன், பாதிய ஜிப்ரலிக் கரைசல்ல போட்டேன்.

கரைசல் கலக்குறதுலதான் நெறைய பேர் ஏமாறுதாங்க. உரக்கடைல ஜிப்ரலிக் ஆசிட்னு கேட்டா பாட்டில்ல திரவமா ஒண்ணு குடுப்பாங்க, லேபிள்ல 0.001 சதவீதம்னு போட்டிருக்கும். அப்படின்னா 10 பிபிஎம், பத்து லட்சம் பங்குல 10 பங்கு. பாட்டில் முழுசையும் ஒரு சொட்டுத் தண்ணி கலக்காம ஊத்தினாலும் 10 பிபிஎம்தான், வெதைக்கு வேண்டியது 500. அது நெல்லுக்கும் காய்கறிக்கும் எலைல அடிக்க வச்சிருக்கது. நமக்கு வேண்டியது திராட்சத் தோட்டக்காரங்க வாங்குற 90 சதவீதத் தூள், ஒரு கிராம் பாக்கெட்டாவே வரும். ஒரு கிராம்ல 900 மில்லிகிராம் சரக்கு இருக்கா, அத 18 மிலி ஸ்பிரிட்ல கரச்சுட்டா ஒரு மிலிக்கு 50 மில்லிகிராம் கணக்கா வந்துரும். தூள் தண்ணில லேசுல கரையாது, மேல மெதந்துக்கிட்டே நிக்கும், ஸ்பிரிட்ல போட்டு ஆட்டினா தெளிஞ்சு போவும். இந்த மூலக் கரைசல கண்ணாடிக் குப்பில ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கிட்டா தராசே வேண்டாம், ஊசி போடுத சிரிஞ்ச் போதும். ஒரு மிலிய 100 மிலி தண்ணில விட்டா 500 பிபிஎம், அதே ஒரு மிலிய ஒரு லிட்டர்ல விட்டா 50 பிபிஎம். தண்ணி கலந்தத அன்னன்னைக்கே தீத்துரணும், நம்ம ஊரு வெயில்ல வச்சிருந்தா வீரியம் கொறஞ்சு போவும். தண்ணில போட்ட பாதிக்கும் அதே அளவு ஸ்பிரிட்ட விட்டேன், இல்லன்னா பெறவு பாக்குற வித்தியாசம் ஸ்பிரிட்டாலயா ஜிப்ரலினாலயான்னு தெரியாது. கைல கிளவுஸ் போட்டுக்கிடுங்க.

நறுக்காம ஜிப்ரலிக்ல போட்டு வச்ச கொஞ்சம் கொட்ட கடைசி வர அசையல. நறுக்கித் தண்ணில போட்டது நல்லாவே வந்துது. நறுக்கி ஜிப்ரலிக்ல போட்டது அதவிட முன்னாலயும் வந்துது, முக்கியமா எல்லாம் ஒண்ணுபோல வந்துது, ஒரு தட்டு நாத்து ஒரே வயசுல நிக்குறது பைக்கு மாத்தும்போது எவ்வளவு சௌகரியம்னு நாத்தங்கால் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும்.

சந்தனத்துக்கு இது இன்னும் பொருத்தம். சந்தன வெதைக்கு ரெண்டு மாசம் போல ஒறக்கம் உண்டு, 500 பிபிஎம்ல ஒரு ராத்திரி, 16 மணி நேரம் வாக்குல ஊறினா அது கலைஞ்சுரும், எல்லாரும் ஒத்துக்கிட்ட மொற இது. ஆனா சந்தனம் வேரால பக்கத்துச் செடிகிட்ட இருந்து உறிஞ்சி வாழுற சாதி, பைலயே பொன்னாங்கண்ணியோ துவரையோ கூட நிக்கணும், அத விட்டுட்டு ஹார்மோன் மேல ஹார்மோன் குடுத்தாலும் செடி வெளுத்துத்தான் நிக்கும். அதோட வாசம் மரத்து நடுக்கட்டையான வைரத்துல இருக்க சாண்டலால்ங்கற சரக்கு, வைரம் விழவே பல வருசம் ஆவும், நாத்துல அதப் பரிசோதிக்க வழியே இல்ல. அதனாலதான் நான் கடுக்காய எடுத்தேன், அதுல துவர்ப்பு எலையிலயே உண்டு, சின்னக் கன்னுலயே பாத்துரலாம்.

ஜிப்ரலின கண்டுபிடிச்சதே நெல்லுலதான். ஜப்பான்ல ஒரு பூசண நோய் வந்த நெல்லு மத்ததவிட கிடுகிடுன்னு உசந்து, வெளுத்து, மணி புடிக்காம சாஞ்சு போச்சு, 1926ல குரொசாவாங்கறவர் அந்தப் பூசணம் விடுற ஏதோ ஒண்ணுதான் நெல்ல இழுக்குதுன்னு காட்டினார், 1935ல யபுதா அதுக்கு ஜிப்ரலின்னு பேர் வச்சார். நம்ம வயல்ல 1966க்குப் பெறவு வந்த ஐஆர் 8 குட்டையா நின்னதுக்குக் காரணம் அதுல ஜிப்ரலின் உண்டாக்குற ஒரு படி பழுதானது, குட்டையானதாலதான் ஒரம் போட்டும் சாயாம கதிர் தாங்குச்சு. உயரமா இருந்தா நல்ல செடின்னு நெனைக்கவங்ககிட்ட நான் இதத்தான் சொல்லுதது.

அடுத்த கட்டம், நாத்து நாலெல விட்ட பெறவு. தட்டுகள நாலா பிரிச்சேன். ஒண்ணுக்கு வெறும் தண்ணி, ஒண்ணுக்கு ஜிப்ரலிக் 50 பிபிஎம் எலைல தெளிப்பு, ஒண்ணுக்கு செடியோட காவலத் தூண்டுற சாலிசிலிக் ஆசிட் தெளிப்பு, ஒண்ணுல எலைய குண்டூசியால அங்கங்க குத்திக் காயப்படுத்துனது. எல்லாம் ஒரே பச்ச வலைக்குக் கீழ, ஒரே மண்ணு, தட்ட அப்பப்ப எடம் மாத்தி வச்சுக்கிட்டே இருந்தேன், ஏன்னா மேக்கால சாரல் காத்து அடிக்க பக்கமும் கெழக்கு வெயில் விழுற பக்கமும் ஒண்ணாவே இருக்காது.

ஜிப்ரலிக் அடிச்ச வரிச சீக்கிரமே தனியாத் தெரிஞ்சுது. கணுவுக்குக் கணு எடவெளி நீண்டு போச்சு, தண்டு மெலிசு, எல பெருசு ஆனா பச்ச வெளிறி. வாங்க வாரவங்க கை நேரா அங்கதான் போவுது. தண்டோட அடில வெர்னியர் அளவுகோல் வச்சுப் பாத்தா சங்கதி வேற. உயரத்த சென்டிமீட்டர்லயும் அடித்தண்டு கனத்த மில்லிமீட்டர்லயும் அளந்து வகுத்தா 6க்கு மேல போவக்கூடாதுன்னு வனத்துறை நர்சரிகள்ல ஒரு கணக்கு உண்டு, 30 சென்டிமீட்டர் கன்னுக்கு அடி 5 மில்லிமீட்டராவது இருக்கணும். தண்ணி வரிச அதுக்குள்ள நின்னுது, ஜிப்ரலிக் வரிச தாண்டிப் போச்சு.

இப்ப துவர்ப்புக்கு வாரேன். வாயில போட்டுப் பாத்தா நாக்கு ரெண்டாவது எலைலயே மரத்துப் போவும், நம்ப முடியாது. நான் செஞ்சது மை காச்சுத வேல. அந்தக் காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் சேத்துத்தான கருப்பு மை எடுத்தாங்க, கடுக்காய்ல துவர்ப்பக் குடுக்க டானினும் இரும்பும் சேந்தா கருநீலம். அன்னபேதிங்கறது இரும்பு சல்பேட், நாட்டு மருந்துக் கடைலயே கிடைக்கும். ஒவ்வொரு வரிசைலயும் நுனில இருந்து மூணாவது எலைய மட்டும் எடுக்கணும், கொழுந்துல ஒரு அளவும் முத்தின எலைல ஒரு அளவும் இருக்கும், கலந்துட்டா ஒண்ணும் தெரியாது. நெழல்ல காயவச்சு நொறுக்கி ஒரு கிராம் எடுத்து 50 மிலி சுடுதண்ணில ஊறவச்சு வடிகட்டணும். தண்ணி பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர்தான், போர் தண்ணில இரும்பு இருந்தா எல்லாமே கருத்துப் போயிரும். வடிச்ச சாறு வெளிறின டீ நெறத்துல இருக்கும், அதுல அன்னபேதிக் கரைசல சொட்டு விட்டதும் மொதல்ல ஊதா மாதிரி ஒரு சுருள் எறங்கும், பெரிசா ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கும், கொஞ்சம் விட்டு வந்து பாத்தா மேல்பரப்புல காத்துப் பட்ட எடத்துல இருந்து கருப்பு பிடிச்சு கீழ எறங்கிக்கிட்டே வரும். காத்துல இருக்க ஆக்சிஜன் இரும்ப மாத்தினாத்தான் நெறம் முழுசா வருது, அதனால எல்லா கிளாசையும் ஒரே நேரம் விட்டு வச்சுட்டுத்தான் பாக்கணும். பெறவு எல்லாத்தையும் வெள்ளத்தாள் முன்னால வச்சு, ரொம்பக் கருப்பா இருக்கதுல டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி ஊத்தி மத்ததோட நெறத்துக்குக் கொண்டு வரணும், எவ்வளவு தண்ணி புடிக்குதோ அவ்வளவு டானின் கூட. செல்போன் கேமராவ நம்பாதீங்க, அது தானே வெளிச்சத்தக் கூட்டிக் கொறச்சுரும்.

குண்டூசியால குத்தின வரிசதான் நல்லா கருத்துது. சாலிசிலிக் வரிச தண்ணி வரிசைய விட லேசா கூட, அவ்வளவுதான். ஜிப்ரலிக் வரிச கண்ணுக்குத் தெரியுற மாதிரி வெளிறி இருந்துது.

ஏன் இப்படின்னா, செடிக்குள்ள ரெண்டு கட்டளை ஒண்ணையொண்ணு புடிச்சு இழுக்குது. டெல்லான்னு ஒரு புரதக் கூட்டம் வளர்ச்சிய அடக்கி வச்சிருக்கும், ஜிப்ரலின் வந்தா அது அழிஞ்சு செடி நீளும். ஜாஸ்னு இன்னொரு கூட்டம் காவல் சரக்கு உண்டாக்குறத அடக்கி வச்சிருக்கும், எலைய ஆடோ புழுவோ கடிச்சா ஜாஸ்மோனிக் ஆசிட் சுரந்து ஜாஸ அழிக்கும், உடனே கசப்பும் துவர்ப்பும் உண்டாக ஆரம்பிக்கும். இந்த டெல்லாவும் ஜாஸும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும், டெல்லா இருக்க வரைக்கும் ஜாஸோட கைய கட்டி வச்சிருக்கும், ஜிப்ரலின் டெல்லாவ அழிச்சா ஜாஸ் விடுபட்டு காவல் வேலைய அமுக்கிரும். கன்னடியன் கால்வாய்ல ஒரு மடைய முழுசாத் தெறந்தா அடுத்த மடைக்குத் தண்ணி கொறையுற மாதிரி, வளர்ச்சிக்குத் தெறந்தா காவலுக்குக் கொறையுது.

ஆனா இத எல்லா மரத்துக்கும் எல்லாச் சரக்குக்கும் சட்டமா எடுத்துக்கிடக் கூடாது. மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின் எடுக்குற ஆர்ட்டிமிசியா செடில ஜிப்ரலிக் குடுத்தா சரக்கு கூடுதுன்னே பல ஆராய்ச்சி உண்டு. ஆர்ட்டிமிசினின் டெர்பீன் வகை, கடுக்காய் டானின் வேற வகை, உண்டாகுற பாதையே வேற. என் கிளாஸ் வெளிறினதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, எல பெருத்துப் போனதால அதே டானின் கூட எடத்துல பரவி நீத்துப் போயிருக்கலாம். ஒரு கிராமுக்கு எவ்வளவுங்கறது ஒரு கணக்கு, ஒரு செடிக்கு மொத்தம் எவ்வளவுங்கறது இன்னொரு கணக்கு. எல விக்கவங்களுக்கு ரெண்டாவதும் முக்கியம். இந்த மைப் பரிசோதன மொத்த டானினத்தான் காட்டும், அதுல செபுலாஜிக் ஆசிட் எவ்வளவு, செபுலினிக் ஆசிட் எவ்வளவுன்னு பிரிக்க எச்பிஎல்சி மெஷின் உள்ள லேப்புக்குத்தான் போவணும்.

சாலிசிலிக் ஏன் பெருசா வேல செய்யலங்கறதுக்கும் எனக்கு ஒரு யோசன உண்டு. சாலிசிலிக் தூண்டி விடுறது முக்கியமா பிஏஎல்ங்கற நொதிய, அது வழியா வாரது ஃபிளேவனாய்டு, தேயிலைல இருக்க மாதிரி வகை டானின். கடுக்காயோட டானின் காலிக் ஆசிட்ல இருந்து கட்டுறது, அது அந்த நொதிக்குப் போகுறதுக்கு முன்னாலயே ஷிகிமிக்ங்கற உற்பத்திப் பாதைல பிரிஞ்சு போயிருது. நெறமே இதக் காட்டும், ஃபிளேவனாய்டு வகை டானின்ல இரும்பு சேந்தா பொதுவா பச்ச கலந்த கருப்பு, கடுக்காய்ல கருநீலம். அதனால சாலிசிலிக் வேண்டாம்னு சொல்லல, வெயில் தாங்குறதுக்கு நாத்தப் பழக்குற சமயத்துல அது நல்ல தொணை. 0.5 மில்லிமோலார்னா லிட்டருக்கு 69 மில்லிகிராம், வெதுவெதுப்பான தண்ணில கரைக்கணும். கூடப் போட்டா எல ஓரம் கருகும்.

ஜாஸ்மோனிக் ஆசிட்டோட இன்னொரு வடிவமான மெத்தில் ஜாஸ்மோனேட்டையே நேரா அடிக்கலாமேன்னு கேக்கலாம். பிச்சிப்பூ எண்ணெய்ல இருந்து 1962ல பிரிச்ச வாசனச் சரக்கு அது, யூ மரத்து செல்கள வளத்து அதுல இத விட்டு டாக்ஸால்ங்கற புத்துநோய் மருந்த பல மடங்கு கூட்டினது 1996ல வந்த சேதி. ஆனா வெல அதிகம், காத்துல பறக்குற சரக்கு, ஒரு தட்டுக்கு அடிச்சா பக்கத்துத் தட்டு எலைக்கும் போய்ச் சேரும், தக்காளிச் செடி அப்படிக் காத்து வழியா வந்ததுக்கே காவல் புரதம் உண்டாக்குறத 1990லயே காட்டிட்டாங்க. கொல்லைல வச்சு ஒப்பிட்டுப் பாக்க அது தோதுப்படாது, நமக்கு குண்டூசி போதும். அடிக்கடி குத்தினா வளர்ச்சி நின்னுரும், அதுவும் அந்த வரிசைலயே தெரிஞ்சுது, கன்னு குட்டையாவே நின்னுது.

தேங்காயும் மோரும் சேத்துப் புளிக்க வச்ச தேமோர் கரைசல் என்னாச்சுன்னு மதினி கேட்டா, அவ தோட்டத்துக்கு அதத்தான் ஊத்துதா. தேங்காத்தண்ணில சியாட்டின்ங்கற சைட்டோகைனின் வகை ஹார்மோன் உண்டு, 1941லயே ஊமத்தங்கருவ வளக்க தேங்காத்தண்ணிதான் கை குடுத்துது. நான் தனியா ஒரு தட்டுக்கு தேமோர பத்துக்கு ஒண்ணுன்னு தண்ணி கலந்து தெளிச்சேன், பக்கக் கெள நல்லா வெடிச்சுது, எலப் பச்சையும் தூக்கலா இருந்துது. ஆனா அதுல தழைச்சத்தும் சேந்தே போகுது, எது ஹார்மோன் வேல எது ஒரத்து வேலன்னு பிரிக்க முடியாததால அத மைப் பரிசோதனைல சேக்கல.

இப்ப எங்க நாத்தங்கால்ல வழக்கம் இதுதான். ஜிப்ரலிக் வெதையோட சரி, மொளச்ச பெறவு எலைல ஒரு சொட்டு படக்கூடாது. கல்டார் மாதிரி குட்டையாக்குற மருந்தும் கெடையாது, மாமரத்துக்கு ஊத்துற அது மண்ணுல ரொம்ப நாள் தங்கும், மருந்துக்கு வைக்குற மரத்தடில அது எதுக்கு? வலைய படிப்படியா வெலக்கி வெயில் காட்டுதோம், வெயில் பட்ட எல தானாவே துவர்ப்பு சேக்கும். விக்கும்போது உயரத்தோட அடித்தண்டு கனத்தையும் பைலயே மார்க்கர்ல எழுதி வைக்கோம், ஏன் ரெண்டு அளவுன்னு கேக்கவங்களுக்கு வகுத்துக் காட்டுதோம், குட்டைக் கன்ன எடுத்துட்டுப் போறவங்க இப்ப கூடியிருக்காங்க.

பைல இருக்க கடுக்காய ஐப்பசி மழைக்கு முன்னால குழில வச்சுரணும், ஒன்றரை அடிக்குக் கொறையாத குழி, தண்ணி தேங்குற வயக்காட்டு ஓரம் வேண்டாம், செம்மண் மேடு போதும். ஆத்தங்கரைக்கு வைக்க ஆசப்படுதவங்க மருது வைங்க, தாமிரபரணிக் கரைல அதுதான் பூர்வீகம், அதுவும் கடுக்காய்க் குடும்பம்தான், எலைல டானினும் உண்டு. அடுத்த சாகுபடிக்கு மருத நாத்துலயும் இதே நாலு வரிசைய வைக்கப் போறேன், வெதைய ரெண்டு நாள் தண்ணில ஊறப்போட்டாச்சு.